விறகு வாங்குவதில்லை, சரி, எரிப்பதும் இல்லையா?

சர்வேக்காக இந்த மாதம் போன இன்னொரு வீடு. உசிலம்பட்டிக்கு மேற்கே. கொல்லையில் சீமைக் கருவேல விறகு ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கிறது, அடுப்பில் வெந்நீர் கொதிக்கிறது, திண்ணையில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர், "விறகா? அதெல்லாம் கிடையாது சார், எங்களுக்கு கேஸ்தான்" என்கிறார். என்னோடு வந்த களப்பணியாளர் தம்பி டேப்லெட்டில் பூஜ்யம் போடப் போனார். நிறுத்தச் சொல்லிவிட்டு, கொல்லையைக் காட்டி மறுபடி கேட்டேன். "அது வாங்குறது இல்லையே சார், கம்மாய்க்குள்ள வெட்டிட்டு வர்றதுதானே!"

சர்வே மேற்பார்வை வேலையில் மதுரையைச் சுற்றி அலைகிற எனக்கு இந்தப் பதில் புதிதில்லை. அலுத்துப்போய்தான் எழுதுகிறேன். காசு கொடுத்து வாங்காததற்குக் கணக்கு கிடையாது என்று நம் ஊரில் படித்தவர், படிக்காதவர், ஆடிட்டர், ஆலை முதலாளி எல்லோரும் ஒரே மனதாக நம்புகிறார்கள். நாட்டின் எரிசக்திக் கணக்கில் இருக்கிற பெரிய ஓட்டை இந்த நம்பிக்கைதான்.

"எல்லாம்தான் ஆன்லைன்ல இருக்கே, எதுக்கு வீட்டுக்கு வந்து கேக்குறீங்க?" என்பது அடுத்த கேள்வி. இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. நிலக்கரிக்கு நிலக்கரிக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம், மின்சாரத்துக்கு மத்திய மின்சார ஆணையம், பெட்ரோல், டீசல், சிலிண்டருக்குப் பெட்ரோலியத் திட்டமிடல் மற்றும் பகுப்பாய்வுப் பிரிவு, சூரிய ஒளிக்கும் காற்றாலைக்கும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் என்று ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதையெல்லாம் வாங்கிச் சேர்த்து மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் வருடா வருடம் 'எனர்ஜி ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இந்தியா' என்று ஒரு தொகுப்பு போடுகிறது. ஆனால் இவை பெரும்பாலும் தோண்டுகிறவர், உற்பத்தி செய்கிறவர், விற்கிறவர் கொடுக்கும் கணக்குகள். உங்கள் வீட்டு அடுப்பில் கிடக்கும் கருவேலங்கட்டை எந்த கவுன்ட்டரையும் தாண்டி வரவில்லை. அதற்கு ரசீது இல்லை, மீட்டர் இல்லை, ஜி.எஸ்.டி. இல்லை. அதைச் சொல்ல உங்கள் வாயை விட்டால் வேறு ஆதாரமே கிடையாது. சொசைட்டியில் ஊற்றிய பாலை மட்டும் எண்ணிவிட்டு, வீட்டில் காபி போட்ட பாலை இல்லை என்று எழுதினால் எப்படியோ அப்படித்தான் இதுவும்.

"ரெண்டு கட்டை விறகுல என்ன சார் வந்துடப் போகுது?" என்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிலோ காய்ந்த விறகில் சுமார் 15 மெகாஜூல் வெப்பம். ஒரு கிலோ எல்.பி.ஜி.யில் சுமார் 47. வெந்நீர், மாட்டுக்குத் தீவனம், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு எல்லாம் சேர்த்து ஒரு வீடு நாளைக்கு 5 கிலோ விறகு எரித்தால் மாதம் 150 கிலோ. வெப்பக் கணக்கில் அது 14.2 கிலோ சிலிண்டர் மூன்றுக்கு மேல். (சாதாரண விறகடுப்பில் பாத்திரத்துக்குப் போய்ச் சேர்வது பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடலாம், மற்றதெல்லாம் புகையும் சுவரும்தான். அது தனிக் கதை. எரிந்தது எரிந்ததுதான்.) அந்த வீட்டுக்கு சிலிண்டர் இரண்டு மாதத்துக்கு ஒன்று. அப்படியென்றால் அந்த வீட்டின் முக்கிய எரிபொருள் எது? வீட்டுக்காரர் சொன்ன பதில் என்ன?

ஒரு வீட்டுக்கு ஒரே எரிபொருள் என்று நினைப்பதிலும் இதே கோளாறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமையலுக்கு எது என்ற கேள்விக்கு ஒரே ஒரு விடைதான் பதிவாகும். அந்தக் கேள்வியின் வேலைக்கு அது போதும். ஆனால் வீட்டு நுகர்வுச் செலவு சர்வேயில் ஒவ்வொரு எரிபொருளையும் தனித்தனியாகக் கேட்கிறோம், வாங்கியதா, சொந்தத்தில் விளைந்ததா, சும்மா பொறுக்கி வந்ததா என்றும் கேட்கிறோம். பொறுக்கியதற்கே தனியாக ஒரு குறியீடு இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? அதையும் எழுத வேண்டும் என்றுதானே!

இந்த இடத்தில் ஆண்களிடம் ஒரு வேண்டுகோள். அடுப்படிப் பக்கமே போகாதவர் பதில் சொல்லாதீர்கள். நாங்கள் கேட்பது அடுப்பில் நிற்பவரிடம். மேலூர்ப் பக்கம் ஒரு வீட்டில் மகன் "கேஸ் மட்டும்தான்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அப்பத்தா, "வாரத்துக்கு நாலு கட்டு ஆகுது தம்பி, அவனுக்கு என்ன தெரியும்" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு வேண்டியது. கட்டு என்றால் எத்தனை கிலோ என்று உங்களைக் கேட்டுக் குடையவும் மாட்டோம். ஒரு கட்டைக் காட்டினால் நாங்களே தொங்கு தராசில் மாட்டிப் பார்த்துக்கொள்வோம். விறகுக்கென்றே நடத்தும் ஆய்வுகளில் ஒரு குவியலை எடை போட்டு வைத்துவிட்டு, "இதிலிருந்து மட்டும் எடுங்க" என்று சொல்லி, மறுநாள் வந்து மிச்சத்தை எடை போடுவார்கள். ஆள் பார்க்கிறார்கள் என்று அன்றைக்கு மட்டும் சிக்கனமாக எரிப்பார்கள், அதனால் ஒரு நாளோடு விடக் கூடாது என்பது தொழில் ரகசியம். பச்சை விறகா காய்ந்ததா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும், ஈரத்துக்கு எடை உண்டு, வெப்பம் கிடையாது.

கரண்ட் விஷயத்திலும் இதே பூஜ்ய வியாதிதான். நம் மாநிலத்தில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. சர்வே கேட்பது கடந்த 30 நாள். "பில் ஆயிரத்து இருநூறு" என்று சொன்னதை அப்படியே மாதக் கணக்காக எழுதினால் அந்த வீடு இரண்டு மடங்கு கரண்ட் எரிக்கிற வீடாகிவிடும். இன்னொரு பக்கம், 2016இல் முதல் 100 யூனிட் இலவசம் என்று வந்த பிறகு, 90 யூனிட் ஓட்டுகிற வீட்டுக்காரர் "எங்களுக்கு பில்லே வராது, பூஜ்யம் போட்டுக்கங்க" என்கிறார். பில் பூஜ்யம்தான், ஃபேன் சுற்றவில்லையா? ரூபாயைச் சொல்லாதீர்கள், யூனிட்டைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் அட்டையையோ போனில் வந்த மெசேஜையோ காட்டுங்கள், வகுப்பதும் கழிப்பதும் எங்கள் வேலை.

தோட்டத்து மோட்டாரைப் பற்றிப் பேசினால் சண்டைக்கு வருகிறார்கள், ஆனாலும் சொல்லியாக வேண்டும். இலவச மின்சாரம் வாங்கும் விவசாய இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. மோட்டாரின் எச்.பி.யையும் அங்கங்கே மாதிரிக்கு வைத்த மீட்டர்களையும் கொண்டு மதிப்பீடுதான் செய்கிறார்கள். 5 எச்.பி. என்று பதிந்துவிட்டு ஏழரை ஓட்டினால் அந்த மதிப்பீடு அங்கேயே சாய்ந்துவிடுகிறது. பம்புசெட்டுக்குப் போனது எவ்வளவு, கம்பியில் வீணானது எவ்வளவு, கொக்கி போட்டுத் திருடியது எவ்வளவு என்று பிரிக்க முடியாமல், ஒன்றின் கணக்கில் இன்னொன்றை ஒளித்து வைக்க வசதியாகிவிடுகிறது. மீட்டர் வைத்தால் இலவசம் போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தினம் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கேட்கிற ஆளிடம் உண்மையைச் சொன்னால் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு யாரும் போய்விட மாட்டார்கள்.

ஆலை முதலாளிகளிடம் எனக்குப் பொறுமை குறைவு, ஏனென்றால் அங்கே கணக்குப்பிள்ளை இருக்கிறார், ஆடிட்டர் இருக்கிறார். பதிவு பெற்ற தொழிற்சாலைகள் வருடாந்திரத் தொழிற்சாலைகள் ஆய்வுக்குள் வரும். புழுங்கல் அரிசி ஆலையில் நெல் அவிக்க என்ன எரிக்கிறீர்கள் என்று கேட்டால் எரிபொருள் செலவு இல்லை என்று பதில். பின்னால் கொதிகலனுக்குள் உமி போய்க்கொண்டே இருக்கிறது! சொந்த ஆலை உமி, வாங்கவில்லை, அதனால் புத்தகத்தில் இல்லை. செங்கல் காளவாசல்காரர் விறகையும் மரத்தூளையும் டிராக்டர் லோடில் சொல்வார், அது பரவாயில்லை, லோடு என்றாவது சொல்கிறாரே. ஜெனரேட்டர் கணக்கு இன்னும் அழகு. ஒரு லிட்டர் டீசலுக்கு 3, மிஞ்சினால் மூன்றரை யூனிட்தான் கிடைக்கும். ஆயிரம் லிட்டர் டீசல் பில்லைக் காட்டிவிட்டு எட்டாயிரம் யூனிட் எடுத்தோம் என்று எழுதித் தருகிறார்கள். நாங்கள் வகுத்துப் பார்ப்போம் என்று ஒருவருக்குமா தோன்றாது?

டீசலில் இன்னொரு சிக்கலும் உண்டு. பங்க்கில் விற்றது எத்தனை லிட்டர் என்பது சுத்தமாகத் தெரியும், அது லாரிக்குப் போனதா டிராக்டருக்கா ஜெனரேட்டருக்கா என்பது தெரியாது. அதற்காகவே 2013 வாக்கில் நாடு முழுக்க பங்க்குகளில் ஆள் நிறுத்தி ஆய்வு செய்தார்கள், சுமார் 70 சதவீதம் போக்குவரத்துக்கு என்று வந்தது. கேன் கொண்டுபோகிறவரிடம் எதற்கென்று யாராவது கேட்டால் "சும்மா" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

பயம் இருக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. விறகு எரிக்கிறேன் என்று சொன்னால் கேஸ் மானியம் நிற்காது, ரேஷன் கார்டு மாறாது. 2008ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டப்படி, சேகரித்த தகவலைப் புள்ளிவிவரத்துக்கு வெளியே உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது. வருகிறவரிடம் அடையாள அட்டையைக் கேளுங்கள், காட்டாவிட்டால் பேசாதீர்கள். ஓ.டி.பி. கேட்டாலோ ஏ.டி.எம். நம்பர் கேட்டாலோ அது சர்வேயே இல்லை, கதவைச் சாத்துங்கள்.

இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது மொட்டை மாடி சோலார். 2024இல் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்த பிறகு மதுரைக்குள்ளேயே தெருவுக்கு ஒன்றிரண்டு பலகைகள் தெரிகின்றன. கரண்ட் பில்லில் வருவது நீங்கள் வெளியிலிருந்து எடுத்ததும் வெளியே கொடுத்ததும் மட்டும்தான். பகலில் பலகையிலிருந்து நேராக ஏ.சி.க்கும் கிரைண்டருக்கும் போனது அந்த மீட்டரைத் தொடவே இல்லை. "பில் குறைஞ்சிடுச்சு சார், கரண்டே செலவில்லை" என்று அண்ணாநகரில் ஒருவர் பெருமையாகச் சொன்னார், பழைய விறகுப் பதில்தான் இது, மாடி ஏறி வந்திருக்கிறது. இன்வெர்ட்டர் கம்பெனி கொடுத்த ஆப்பைத் திறந்தால் மாத உற்பத்தி என்று ஒரு எண் இருக்கும். எங்கள் ஆள் வரும்போது அதைக் காட்டுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். பாஸ்வேர்டு தர வேண்டாம்.