சதுப்பில் பழைய மரம் தென்பட்டால் தண்ணீரை இறைக்காதீர்கள்

நீலகிரியில் சதுப்போரம் குட்டை வெட்டும்போதோ, கேரட் தோட்டத்துக்கு வடிகால் எடுக்கும்போதோ கறுத்த மரக்கட்டை தட்டுப்பட்டால் உடனே மோட்டாரை நிறுத்துங்கள். ஊட்டி அருகே சாண்டிநல்லாவின் பீட் மண்ணில் (செடிகொடிகள் பாதி மட்கிச் சேர்ந்த கறுப்புச் சதுப்பு மண்) 20,000 ஆண்டுப் பழைய தாவர எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. அகப்பட்டது நேற்றைய வேலிக்கம்பாகவும் இருக்கலாம். சோதிக்கும்வரை பழையதென்றே நடத்துங்கள்.

நீர் நிறைந்த மண்ணில் ஆக்சிஜன் இல்லாததால் பூஞ்சை வளராது. பாக்டீரியா மட்டும் மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸை மெல்ல மெல்லத் தின்னும். கடைசியில் மிஞ்சுவது மரத்துக்கு விறைப்புத் தரும் லிக்னினின் வெறுங்கூடும் அதைத் தாங்கும் தண்ணீரும்தான். மிகவும் சிதைந்த கட்டையில் 1 கிலோ உலர்மரத்துக்கு 4 கிலோவுக்கு மேல் தண்ணீர் இருக்கும். பார்வைக்குத் திடமாகத் தெரியும், ஊசி வைத்தால் இறங்கிவிடும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மறுபடி நனைத்தாலும் பழைய வடிவம் திரும்பாது.

வெளியே எடுப்பதும் எளிதல்ல. கடலடியிலிருந்து 1961இல் தூக்கிய ஸ்வீடனின் வாசா மரக்கப்பலுக்கு, தண்ணீர் இருந்த இடத்தை நிரப்பும் மெழுகு போன்ற பாலிஎத்திலீன் கிளைக்கால் தெளிக்கவே 17 ஆண்டு ஆயிற்று. இங்கிலாந்தின் சாமர்செட் சதுப்பில் கி.மு. 3807-06இல் போட்ட பலகைப் பாதையின் ஒரு பகுதியை மண்ணுக்குள்ளேயே விட்டு, பம்பு வைத்து நீர் பாய்ச்சிக் காக்கிறார்கள். நமக்கு ஏற்ற வழி இதுதான்.

கட்டையின் மேல் ஏறி நிற்காதீர்கள். மண்வெட்டி, கடப்பாரை வேண்டாம். அளவுகோல் வைத்துப் படமெடுத்ததும், அதே சதுப்பு நீரில் நனைத்த சாக்கால் மூடி, மேலே பாலித்தீன் விரியுங்கள். மாவட்ட நிர்வாகத்துக்கும் தொல்லியல் துறைக்கும் தகவல் கொடுங்கள். அவர்கள் பார்த்துப் பதிந்தபின் சாக்கை எடுத்துவிட வேண்டும். உள்ளே விட்டால் மட்கும். முதலில் ஜியோடெக்ஸ்டைல் துணி (நீர் புகும், மட்காத செயற்கை இழைத் துணி), அதன்மேல் கழுவிச் சலித்த மணல் 10 செ.மீ., பிறகு தோண்டிய கறுப்பு மண்ணையே ஈரத்தோடு குறைந்தது அரை மீட்டர். சிமெண்டும் சுண்ணாம்பும் கூடவே கூடாது.

மூடியதோடு வேலை முடியாது. நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்தில்தான் மரம் விரைவாக அழுகும். பீட்டில் உள்ள இரும்பு சல்பைடு காற்றுப்பட்டால் கந்தக அமிலமாகும். யார்க்‌ஷயரின் ஸ்டார் கார் என்ற கற்காலத் தொல்லியல் இடத்தில் வடிகாலுக்குப் பின் இதனாலேயே மரங்கள் சிதைந்தன. வடிகாலைக் களிமண்ணால் அடையுங்கள். துளையிட்ட பிவிசி குழாய் ஒன்றை மரத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி நட்டு, மாதம் இருமுறை நீர்மட்டம் பாருங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வாரம் ஒருமுறை.

மேல்பக்கத் தோட்டத்து உர நீர் இறங்கினால் நைட்ரேட் நுண்ணுயிரைத் தூண்டிவிடும். அதைச் சுற்றுவழியில் திருப்புங்கள். சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நீரை உறிஞ்சுவதோடு வேரால் கட்டையையும் துளைக்கும். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கி அடியோடு அறுங்கள், தூரைப் பிடுங்காதீர்கள். பிடுங்கிய குழிவழியே காற்று நேரே மரத்துக்கு இறங்கும்.