டெக்சாஸில் வான்கோழி வேட்டை: விசாவில் இருப்பவர் முதலில் வாங்க வேண்டியது துப்பாக்கி அல்ல

டெக்சாஸுக்கு வேலைக்கு வந்த நம்மவர்கள் சிலர், ஆபீஸ் நண்பர் கூப்பிட்டார் என்று வசந்தகாலத்தில் காட்டு வான்கோழி வேட்டைக்குக் கிளம்புகிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் நேரே துப்பாக்கிக் கடைக்குப் போய்விடாதீர்கள்.

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக (வேலை, குடும்ப, படிப்பு) விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம், 15 ஆண்டு வரை சிறை. நமக்குப் பொருந்தும் விலக்கு ஒன்றுதான்: செல்லுபடியாகும் வேட்டை உரிமம். எனவே உரிமம் முதலில், மற்றதெல்லாம் அப்புறம். "சும்மா பிடித்துப் பார்" என்று நண்பர் தன் துப்பாக்கியை நீட்டினாலும் உரிமம் இல்லாமல் வாங்காதீர்கள். அவர் குடிமகன், இந்தக் கவலை அவருக்கு வந்ததே இல்லை.

உரிமத்திலேயே மூன்று இடத்தில் ஏமாறுகிறார்கள். டெக்சாஸ்வாசிக்கு 25 டாலர், வெளியாளுக்கு 315. டெக்சாஸ் ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்ததுமே 25 டாலருக்கு வாங்கிவிடுகிறார்கள், ஆனால் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வசித்திருந்தால்தான் அந்தக் கட்டணம். 48 டாலருக்கு ஐந்து நாள் உரிமம் மலிவாகத் தெரியும், அதில் வான்கோழிக்கு அனுமதியே கிடையாது. சாதாரண உரிமம் எடுத்தாலும் மேட்டுநிலப் பறவைகளுக்கான 7 டாலர் கூடுதல் அனுமதி வேண்டும், கேட்டு வாங்காவிட்டால் கவுண்டரில் யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள். 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பின் பிறந்தவர் வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடிக்க வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் ஆன்லைனிலேயே முடிக்கலாம்.

துப்பாக்கிக் கடையில் தரும் படிவம் நீங்கள் விசாவில் வந்தவரா என்று கேட்கும். பயந்துகொண்டு 'இல்லை' என்று குறிக்காதீர்கள், பொய் சொன்னால் அது தனிக் குற்றம். 'ஆம்' என்று குறித்தால் அடுத்த கேள்வியே விலக்கு உண்டா என்பதுதான். பாஸ்போர்ட், ஐ-94 எண் (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு எண்), அச்சிட்ட வேட்டை உரிமம், இப்போதைய முகவரியுள்ள மாநில அடையாள அட்டை எல்லாம் கையில் இருக்கட்டும். வீடு மாறி, அட்டையில் பழைய முகவரியே இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "கிரீன் கார்டு இல்லையா, கிடையாது" என்று சொல்லும் கடைக்காரர்களும் உண்டு. எதிரே இருக்கும் படிவத்திலேயே விலக்கு அச்சாகியிருக்கிறது, ஆனாலும் விற்க மறுக்க அவருக்கு உரிமை உண்டு, வாதாடிப் பயனில்லை, வேறு கடைக்குப் போங்கள்.

வாங்கிய பிறகுதான் பெரிய பொறி. உரிமம் எந்த மாதம் எடுத்தாலும் ஆகஸ்ட் 31-இல் காலாவதியாகும். துப்பாக்கி வீட்டு அலமாரியில் சும்மா கிடந்தாலும் செப்டம்பர் 1 முதல் விலக்கு போய்விட்டது, யாரும் கடிதம் போட்டுச் சொல்லப்போவதில்லை. புது உரிமம் ஆகஸ்ட் நடுவிலேயே விற்பனைக்கு வந்துவிடும், அப்போதே எடுத்துவிடுங்கள்.

டெக்சாஸ் நிலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தனியாருடையது. உரிமம் இருந்தாலும் நிலக்காரர் சம்மதமில்லாமல் நுழைந்தால் அத்துமீறல். வேட்டைப் பருவமும் எத்தனை பறவை சுடலாம் என்பதும் கவுண்டிக்குக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) மாறும், பக்கத்துக் கவுண்டிக்காரர் சொன்னதை நம்பாதீர்கள். வான்கோழி விழுந்ததும் காகித உரிமத்திலுள்ள வான்கோழி டேகில் (பறவையில் கட்டும் சீட்டு) அன்றைய மாதத்தையும் தேதியையும் வெட்டி எடுத்து, மீதியைப் பேனாவால் நிரப்பி அங்கேயே பறவையில் கட்டுங்கள், பிறகு 24 மணி நேரத்துக்குள் டெக்சாஸ் பூங்கா, வனவிலங்குத் துறையின் செயலியில் பதிவு செய்யுங்கள்.