காதுக்குப் பழக்கம் என்று ஒன்று கிடையாது

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கல்யாணம், விசேஷங்களுக்கு ஸ்பீக்கர் வைத்துப் பாட்டு போடுகிற டிஜே செட்டில் வேலை பார்க்கிற பையன்களிடம், "இவ்வளவு சத்தத்துல நிக்கிறியே, காது என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். எல்லாரிடமும் ஒரே பதில்தான் வரும்: "அதெல்லாம் பழகிப்போச்சுணா." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

போன மாதம் காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பையன் என் செட்டில் வேலை கேட்டு வந்தான். பத்தாவது முடித்த கையோடு வேறொரு செட்டில் பாக்ஸ் ஏற்றி இறக்கப் போனவன். இப்போது வயது இருபத்து மூன்று. ஒயரிங் தெரியும், ஜெனரேட்டர் பார்க்கத் தெரியும், சொன்ன வேலையைத் தட்டாமல் செய்வான் என்று அவனை அனுப்பியவரும் சொன்னார். உட்கார வைத்துப் பேசினேன். நான் பேசும்போது அவன் கண் என் வாயிலேயே இருந்தது. போன் வந்ததும் இடது காதுக்கு மாற்றினான், அப்புறம் ஸ்பீக்கரில் போட்டுவிட்டான். பின்னால் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. "சட்டை நல்லாருக்கே, எங்க வாங்கின?" என்றேன். "எந்தக் கட்டைணா?" என்றான்.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய் ஆடியோகிராம், அதாவது எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டுகிற வரைபடம், எடுத்து வரச் சொன்னேன். எடுத்து வந்தான். தாழ்ந்த சுருதிகளில் கோடு ஒழுங்காகத்தான் போகிறது. உயர்ந்த சுருதியான 4000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் இரண்டு காதிலும் பள்ளத்தில் விழுகிறது. அதிகச் சத்தத்தால் கெட்ட காதுக்கு அதுதான் அடையாளம். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவன் கேட்டான்: "எனக்கு வலிச்சதே இல்லையேணா?"

இந்த இடத்தில்தான் எல்லாரும் ஏமாந்துபோகிறார்கள். காது கெடும்போது வலிக்காது. சத்தத்தை அளக்கிற அலகு டெசிபல். வலி தெரிய வேண்டுமானால் சத்தம் 120, 130 டெசிபலைத் தொட வேண்டும். கெடுதல் அதற்கு வெகு கீழே, 85 டெசிபலிலேயே ஆரம்பித்துவிடும். நடுவில் இருக்கிற அத்தனை சத்தமும் வலிக்காமல் கெடுக்கிற சத்தம். நாம் ராத்திரி முழுக்க வேலை பார்ப்பது அந்த இடைவெளியில்தான்.

"மூட்டை தூக்கினா கை காய்ச்சுப்போகுதுல்ல, அதுமாதிரி காதும் காய்ச்சுப்போயிடும்ணா" என்று ஒருவன் எனக்கே விளக்கம் சொன்னான். தம்பிகளா, கை காய்த்துப்போவது புதுத்தோல் வளர்வதால். உள்காதில் சத்தத்தை வாங்குகிற மயிரிழைச் செல்கள், காதுக்குச் சுமார் 15,000 என்று பிறக்கும்போது கிடைத்ததுதான். மனிதனுக்கு அவை மறுபடி முளைக்காது. போனது போனதுதான். முதல் நாள் செட்டில் நின்றபோது காது அடைத்தது, "ங்ஙொய்" என்று இரைந்தது. ஆறு மாதம் கழித்து அப்படி ஒன்றும் தெரியவில்லை என்கிறீர்கள். அதற்குப் பெயர் பழக்கம் இல்லை. கத்தி முறையிட வேண்டிய செல்களில் ஒரு பங்கு செத்துப்போயிருக்கலாம், அல்லது இரைச்சலோடு இருப்பதே உங்களுக்கு இயல்பாகிவிட்டிருக்கலாம். இரண்டுமே கெடுதல்தான். முன்பு சத்தமாகத் தெரிந்தது இப்போது சத்தமாகத் தெரியவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், பயப்படுங்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்கிறேன்: காது தேறுவது கிடையாது, தேய்வதுதான் உண்டு.

தேய்வதும் ஒரே சீராகத் தேயாது. உச்ச சுருதி முதலில் போகும். அதனால்தான் "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, மத்தவங்கதான் வாய்க்குள்ளயே பேசறாங்க" என்று தோன்றும். பேஸ் கேட்கும், லாரி ஹாரன் கேட்கும். மனைவி சமையலறையிலிருந்து சொல்வது, குழந்தை மழலையில் கேட்பது, சகர ஒலிகள், இவை நழுவிப்போகும். வீட்டில் சண்டை வரும். டிவி சத்தம் ஏறும்.

இனி கணக்கு. அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்தை ஆராய்கிற அரசு நிறுவனமான நியாஷ் வகுத்த வரம்பு இது: 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் ஒரு மணி. 100-இல் வெறும் 15 நிமிடம். கல்யாண ரிசப்ஷனில் உச்ச சுருதிகளைத் தருகிற டாப் பாக்ஸுக்கு நேரே இரண்டு மீட்டர் தூரத்தில் சத்தம் அளக்கிற என் மீட்டரைப் பிடித்தால் 105-ஐ சாதாரணமாகத் தாண்டும். அங்கே பாதுகாப்பான நேரம் ஐந்து நிமிடம்கூட இல்லை. ஒரு பாட்டு முடிவதற்குள் அன்றைய கணக்கு தீர்ந்துவிடும். இசை நிகழ்ச்சிகளுக்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2022-இல் ஒரு தரநிலை வெளியிட்டது. 15 நிமிட சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. அதுவும் பார்க்க வந்தவர்களுக்காகச் சொன்னது. நாம் சீசனில் வாரம் நாலு ராத்திரி நிற்கிறவர்கள்.

பையன்களோடு சேர்ந்து பெற்றோரையும் திட்ட வேண்டியிருக்கிறது. பாலக்கோடு பக்கம் சமீபத்தில் ஒரு காதுகுத்து. மாமன் சீர் வரிசை வருகிறது, பம்பை ஒரு பக்கம், என் செட் ஒரு பக்கம். தாய்மாமன் மடியில் குழந்தையை வைத்து ஆசாரி காது குத்தி முடித்ததும், அந்தக் குழந்தையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பேஸ் பாக்ஸ் முன்னால் தோளில் வைத்து ஆடுகிறார்கள். துளி ரத்தம் காதில் காயவில்லை. நான் சத்தத்தை இறக்கிவிட்டு மைக்கில் சொன்னேன்: "மாமா, குழந்தையைப் பின்னாடி கொண்டுபோங்க." "அவன் ஜாலியா இருக்கான், நீ ஏத்துப்பா" என்றார்கள். கொஞ்ச நேரத்தில் குழந்தை தூங்கிவிட்டது. "பாரு, தூங்கறான், அவனுக்கு ஒண்ணும் இல்லை" என்று அதையே காரணமாகச் சொன்னார்கள். தூங்கும்போது கண்தான் மூடும், காது மூடாது. குழந்தையின் காதுத் துவாரம் சின்னது. அதனால் உச்ச சுருதிகள் உள்ளே இன்னும் அழுத்தமாக விழும். எனக்கு இரைகிறது என்று சொல்ல அதற்கு வாயும் கிடையாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும்வரை நான் பாட்டு போடவில்லை. அன்று கொஞ்சம் மனஸ்தாபம்தான். பரவாயில்லை.

தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒன்று. மாலை ஏழு மணிக்கு நல்ல காதோடு லெவல் வைக்கிறோம். ஒன்பது மணிக்கு "டல்லா இருக்கு, ஏத்துங்கணா" என்று கூட்டம் கேட்கும், நமக்கும் டல்லாகத்தான் தெரியும். பாட்டு டல் ஆகவில்லை. கூட்டத்தின் காதும் நம் காதும் தற்காலிகமாக மரத்திருக்கின்றன. அப்போது ஏற்றினால் அதற்கு மேல் இன்னும் மரக்கும், மறுபடி ஏற்றுவோம். ராத்திரி முடிவில் மீட்டர் ஆறு டெசிபல் கூடிப்போயிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. அதனால் நான் ஆரம்பத்தில் வைத்த லெவலில் மொத்தச் சத்தத்தையும் ஏற்றி இறக்குகிற மாஸ்டர் ஃபேடர் பக்கத்தில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டிவிடுவேன். அந்தக் கோட்டுக்கு மேல் போவது கிடையாது. யார் கேட்டாலும் முதலில் பாட்டை மாற்றுகிறேன். பத்தில் ஒன்பது பேருக்கு வேண்டியது வேறு பாட்டுதான், கூடுதல் சத்தம் அல்ல. சத்தம் ஒரு அளவைத் தாண்டாமல் தடுக்கிற லிமிட்டர் இருந்தால் அதையும் பூட்டி வையுங்கள். ஆம்ப்பில் சிவப்பு லைட் எரிய எரிய ஓட்டுவது திறமை என்று எவன் சொல்லிக்கொடுத்தானோ தெரியவில்லை. உச்ச சுருதிக்கான சின்ன ஸ்பீக்கர் ட்வீட்டரும் போகும், எதிரே நிற்கிறவன் காதும் போகும்.

செட்டை வாடகைக்குப் பேசுகிற பார்ட்டிக்காரர்களுக்கு இன்னொன்று. "பக்கத்து ஊர்ல எட்டு பாக்ஸ் வெச்சாங்க, நமக்குப் பதினாறு வேணும்" என்று வருகிறார்கள். பவரை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு அது லேசான வித்தியாசம். இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய வேண்டுமென்றால் சுமார் பத்து மடங்கு பவர் வேண்டும். ஆனால் கெடுதல் கணக்கில் அதே 3 டெசிபல் பாதுகாப்பான நேரத்தைப் பாதியாக்கிவிடுகிறது. காசும் போய், பெருமையும் கிடைக்காமல், காதும் போகிற பேரம் அது. ஒரே இடத்தில் அடுக்குவதை விட்டுவிட்டு நாலு பாக்ஸை நாலு மூலையில் பிரித்து, தலைக்கு மேல் உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். கடைசி வரிசைக்கும் கேட்கும், முன்வரிசையும் தப்பிக்கும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். ஷீட் கொட்டகையிலும் டைல்ஸ் போட்ட மண்டபத்திலும் அப்படிக் குறையாது, சுவர் எல்லாவற்றையும் திருப்பி அடிக்கும். அங்கே லெவல் இன்னும் கீழே இருக்க வேண்டும்.

சட்டம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்தில் அனுமதி வேண்டும், திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. பொது இடத்தின் எல்லையில், அந்தப் பகுதிக்கு விதி வகுத்த ஒலி அளவைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அதுதான் உச்சம். ஸ்டேஷனில் அனுமதி வாங்கிவிட்டோம் என்பதால் முன்னால் நிற்கிறவன் காது தப்பியது என்று நினைக்காதீர்கள். அந்த விதி முக்கியமாக அக்கம்பக்கத்து வீட்டுக்காரனைக் காப்பாற்றுகிறது.

இனி செய்ய வேண்டியது. பஞ்சு வைக்காதீர்கள், அது ஒன்றுக்கும் உதவாது. நுரை இயர்பிளக் வாங்குங்கள். ஓசூரில் தொழிற்சாலைகளுக்குச் சாமான் விற்கிற சேஃப்டி கடைகளில் கிடைக்கும், ஒரு ஜோடி டீ வடை செலவுக்குள்தான். உங்களோடு படித்தவன் ஓசூர் கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், இதைப் போடாமல் உள்ளே விட மாட்டார்கள். போடுவதிலும் முறை இருக்கிறது. சுத்தமான விரலால் மெல்லிசாக உருட்டுங்கள். மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். உள்ளே செலுத்தி, நுரை விரியும்வரை விரலால் பிடித்திருங்கள். வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தால் அது போட்டதாகவே கணக்கில்லை. "பிளக் போட்டா பாட்டு புரியாது" என்கிற ஆபரேட்டர்கள், எல்லா சுருதியையும் சீராகக் குறைக்கிற இசைக்காரர்களுக்கான பிளக்கை வாங்குங்கள். விலை கூடத்தான், பாட்டு மாற்ற நம் கையிலிருக்கிற டிஜே கன்ட்ரோலர் விலையில் அது ஒரு மூலை. ஒரு காதில் ஹெட்போனை முழு சத்தத்தில் அழுத்திக்கொண்டு அடுத்த பாட்டைப் பார்க்கிற பழக்கத்தையும் விடுங்கள். இன்னொரு காதில் பிளக் இருந்தால் ஹெட்போனை அவ்வளவு ஏற்ற வேண்டியே வராது.

பையன்களை பாக்ஸ் முன்னால் உட்கார வைத்துச் சாப்பாடு போடாதீர்கள். ஊர்வலத்தில் வண்டி மேலே ஏறி நிற்கிறவனை அரை மணிக்கு ஒரு தரம் மாற்றுங்கள். மைக் கூவ ஆரம்பித்தால் முதலில் ஃபேடரை இறக்குங்கள், அப்புறம் காரணம் தேடுங்கள்.

மறுநாளும் காது இரைந்துகொண்டிருந்தால் டாக்டரிடம் போங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அது அவசரம், அன்றைக்கே போக வேண்டும். சில வகைக்கு மாத்திரை சீக்கிரம் ஆரம்பித்தால்தான் பலன் உண்டு, தள்ளத் தள்ள வாய்ப்பு குறையும். தயவுசெய்து பூண்டு காய்ச்சிய எண்ணெயை ஊற்றாதீர்கள். அது உள்காதுக்குப் போகவே போகாது. காது ஜவ்வில் ஓட்டை இருந்தால் சீழ் வைத்துவிடும்.

செட் வைத்திருக்கும் நண்பர்களே, மார்கழியில் கல்யாணம் கிடையாது, வண்டி ஷெட்டில்தான் நிற்கப் போகிறது. அந்த நாளில் உங்கள் பையன்கள் எல்லாரையும் ஒரு தரம் அழைத்துக்கொண்டு போய் ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, காலையில் சீட்டு போட்டால் போதும். முந்தின ராத்திரி செட் போட்டுவிட்டு நேரே போகாதீர்கள், மரத்த காதோடு எடுத்தால் கணக்கு தப்பாக வரும். ஒரு நாள் முழுக்க சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் போங்கள். வருகிற தாளை ஒவ்வொருவன் பெயரிலும் பத்திரமாக வையுங்கள், அடுத்த மார்கழியில் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.