ஈகாரம் குறுகும் இடம்

இரண்டாம் வகுப்பில் படிக்கும் மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "ஆங்கிலப் புத்தகத்துல 'ஆப்பிள்'ல வர்ற உயிர் குறில், 'கேக்'ல வர்றது நெடில்னு போட்டிருக்கு. குறிலை நீட்டினா நெடில் வரணும். இங்க ஒலியே வேற ஆயிடுதே, ஏன்?"

அவருடைய காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. நம் 'விடு', 'வீடு' இரண்டிலும் நாக்கு ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கிறது. ஒரு மாத்திரை இரண்டாகிறது, அவ்வளவுதான். ஆங்கிலப் பள்ளிகள் சொல்லும் குறில், நெடில் ஒரு காலத்து உண்மையின் மிச்சம். 14ஆம் நூற்றாண்டில் 'நேம்' என்ற சொல்லை 'நாம' என்றார்கள். அசல் நெடில், கடைசி எழுத்தும் ஒலித்தது. 'டைம்' அன்று 'டீம', 'ஹவுஸ்' அன்று 'ஹூஸ்'. பிறகு, சுமார் 1400க்கும் 1700க்கும் இடையில், நெடில்கள் எல்லாம் வாய்க்குள் இடம் மாறிப் போயின. குறில்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. இங்கிலாந்தின் முதல் அச்சாளர் வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கிய பின் எழுத்து மெல்ல மெல்ல உறைந்தது, ஒலி ஓடிக்கொண்டே இருந்தது. பெயர் மட்டும் பழையபடி நெடில்.

சரி, ஷிப், ஷீப் சோடியாவது நம் இ, ஈ போன்றதா? அதுவும் முழுக்க இல்லை. 1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்டன் பீட்டர்சனும் ஹெரால்ட் பார்னியும் 76 பேரின் உயிரொலிகளை அளந்தார்கள். வாய்க்குழாய் சில அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுக்கும். அவற்றில் கீழே இருக்கும் முதலாவது குறைந்தால் நாக்கு மேலே ஏறியிருக்கிறது என்று பொருள். இரண்டாவது கூடினால் முன்னே வந்திருக்கிறது. ஷீப்பில் வரும் உயிருக்கு ஆண்களின் சராசரி 270, 2290 ஹெர்ட்ஸ். ஷிப்பில் வருவதற்கு 390, 1990. அதாவது ஷிப் சொல்லும்போது நாக்கு சற்று இறங்கிப் பின்வாங்குகிறது. தமிழ் இகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவே எங்கோ ஓர் இடம். தாடையைக் கொஞ்சம் தளர்த்தினால் வந்துவிடும்.

நேரம் என்னதான் செய்கிறது, அப்புறம்? இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது.

நான்கு சொற்கள். தாளத்தைக் குறிக்கும் 'பீட்', பாசிமணியைக் குறிக்கும் 'பீட்'. துண்டைக் குறிக்கும் 'பிட்', ஏலம் கேட்பதைக் குறிக்கும் 'பிட்'. தமிழில் எழுதினால் நான்கும் இரண்டாகிவிடுகின்றன. ஒவ்வொரு சோடியிலும் முதல் சொல்லின் கடைசி மெய் 'பட்டம்' என்பதில் வருவது போல, குரல்நாண் அதிராமல் பிறப்பது. இரண்டாவது, 'பண்டம்' என்பதில் வருவது போல, அதிர்ந்து பிறப்பது. ஆங்கிலத்தில், அதிராத மெய்க்கு முன்னால் வரும் உயிர் வெட்டுப்பட்டுக் குறுகுகிறது. பீட்டர்சனும் இல்சே லெஹிஸ்டேயும் 1960இல் அளந்தபோது இப்படிக் குறுகிய உயிருக்கும் குறுகாத உயிருக்கும் உள்ள நீள விகிதம் ஏறத்தாழ 2:3 என்று வந்தது. ஆகவே தாளத்தின் 'நெடில்' ஏலத்தின் 'குறில்' அளவுக்கே வந்து நின்றுவிடுகிறது! கடிகாரத்தை வைத்துக்கொண்டு இது குறிலா நெடிலா என்று கேட்டால், அதனால் பதில் சொல்ல முடியாது.

பல மொழிகளில் இந்தச் சுருக்கம் சிறிதளவு உண்டு. ஆங்கிலத்தில்தான் இவ்வளவு பெரிதாக இருக்கிறது. அங்கே பேச்சின் கடைசி மெய் பாதி விழுங்கப்பட்டே வரும். அது எந்த மெய் என்பதை அதற்கு முந்திய உயிரின் நீளம் காட்டிக்கொடுக்கிறது. 1955இல் ஒலியியலாளர் பீட்டர் டெனஸ் 'யூஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். பெயர்ச்சொல்லாக வந்தால் கடைசி மெய் அதிராது. வினைச்சொல்லாக வந்தால் அதிரும். அவர் பெயர்ச்சொல்லின் உயிரை நீட்டி, மெய்யைக் குறுக்கினார். மெய்யில் அதிர்வு துளியும் இல்லை. ஆனாலும் கேட்டவர்களுக்கு அது வினைச்சொல்லாகவே கேட்டது. உயிரை நீட்டியதால் மெய் மாறிக் கேட்கிறது!

பக்கத்து எழுத்தால் ஓசை குறுகுவது தமிழ் படித்தவர்களுக்குப் புதிதல்ல. 'காடு' என்பதன் கடைசி உகரம் அரை மாத்திரையாகக் குறைவதைக் குற்றியலுகரம் என்றும், சொல்லுக்குள் ஐகாரம் தேய்வதை ஐகாரக்குறுக்கம் என்றும் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தோம். ஆங்கிலத்தில் நடப்பதை ஈகாரக்குறுக்கம் என்று சொல்லிக்கொடுத்தால் நம் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். இதைத் தவறவிடுவதற்குக் காரணமும் நம் மொழிக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடிவதில்லை. முடிந்தால் ஓர் உகரம் சேர்த்து 'ரோடு' என்போம். அந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளும் தேவையே நமக்கு வரவில்லை.

'நாக்குத் தடிப்பு, இங்கிலீஷ் வராது' என்று பிள்ளையை வைத்துக்கொண்டே சொல்வதும், பேச்சு வர வசம்பை உரசி நாக்கில் தடவுவதும் எனக்குக் கோபத்தையே வரவழைக்கின்றன. நாக்கில் குறை ஏதும் இல்லை, காதுக்குப் பழக்கம் வேண்டும். நம் அரசுப் பள்ளிக் குழந்தைகள் இந்த ஒலிகளை எப்படிக் கேட்கிறார்கள், எப்படிச் சொல்கிறார்கள் என்று மாவட்டவாரியாக அளக்க நிதி ஒதுக்க வேண்டும். ஒரு நல்ல மைக்கும் சத்தமில்லாத அறையும் போதும். ஒலியை அளக்கும் 'பிராட்' மென்பொருளை ஆம்ஸ்டர்டாமில் இருவர் எழுதி உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

அதில் என் குரலையே பதிந்து பார்த்தேன். தாளமும் பாசிமணியும் ஒரே நீளம். அதிர்வை எவ்வளவு கவனமாகச் சேர்த்தாலும் உயிர் நீளவே இல்லை. பிறகு மெய்யை மறந்துவிட்டு, பாசிமணியின் ஈகாரத்தை மட்டும் இழுத்து, தாளத்தினுடையதை நறுக்கென்று வெட்டிச் சொன்னேன். திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தபோது, மேலே இருந்த அலை கீழே இருந்ததைத் தாண்டி நீண்டு கிடந்தது.