நாரி நோ எல்லாம் வேலை நோ இல்லை

வன்னியில் நாரி நோ இல்லாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வரம்பு கட்டுவது, நெல் மூட்டை தூக்குவது, அதோடு உடம்புக்குள் இன்னும் ஷெல் துண்டோடு வாழ்கிறவர்கள் வேறு. நோவெண்ணெய் பூசி ஒரு குளிசையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறோம். ஆனால் ஈரல் சுருங்கிய ஒருவருக்கு, அல்லது ஈரலில் புற்றுநோய் என்று ஏற்கெனவே சொல்லப்பட்டவருக்கு, படுத்தாலும் ஆறாத, இரவில் கூடுகிற எலும்பு நோ வந்தால் தயவுசெய்து அதை வேலையின் மேல் போடாதீர்கள்.

ஈரல் புற்றுநோய் வெளியே பரவும்போது நுரையீரலுக்குத்தான் அதிகம் போகும். எலும்பும் அது அடிக்கடி போய்ச் சேரும் இடங்களில் ஒன்று, அதிலும் முள்ளந்தண்டு, இடுப்பெலும்பு, விலா. முள்ளந்தண்டைச் சுற்றியுள்ள நாளங்களில் வால்வு கிடையாது, இருமினாலோ முக்கினாலோ இரத்தம் எதிர்ப்பக்கமாகவும் ஓடும், அந்த வழியாகப் புற்றுக் கலங்கள் எலும்புக்குப் போகலாம் என்பதை 1940இல் பாட்சன் என்ற அமெரிக்கர் விளக்கினார்.

அங்கே போன கலங்கள் எலும்பைத் தாங்களாகத் தின்பதில்லை. எலும்பு குளக்கட்டு மாதிரி, ஒரு பக்கம் கரையக் கரைய மறுபக்கம் மண் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நம் உடம்பில் அதற்கென்று அரிக்கும் கலமும் கட்டும் கலமும் தனித்தனியே உண்டு. புற்றுக் கலம் அரிக்கும் கலத்தை உசுப்பிவிடுகிறது. எலும்பு கரையும்போது அதற்குள் சேமித்திருந்த வளர்ச்சிப் பொருட்கள் வெளியே வர, அதையே உண்டு புற்று இன்னும் வளர்கிறது. ஆகவே இது எலும்புப் புற்றுநோய் இல்லை, எலும்பில் இருக்கும் ஈரல் புற்றுநோய், மருந்தும் ஈரல் புற்றுநோய்க்கு உரியதுதான்.

சரி, இனி எவ்வளவு காலம்? எலும்புக்குப் போனபின் முழுதாகக் குணமாவது மிக அரிது, பலருக்கு மாதக்கணக்குத்தான். அதைத் தீர்மானிப்பதில் மிச்சமுள்ள ஈரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்குப் பெரிய பங்கு உண்டு. முற்றிய ஈரல் புற்றுநோய்க்கு அட்டிசோலிசுமாப், பெவசிசுமாப் ஊசிகளை ஒன்றாகக் கொடுத்துப் பார்த்த பரிசோதனையில் பாதிப் பேர் 19 மாதத்துக்கு மேல் இருந்தார்கள், சொராஃபெனிப் குளிசை எடுத்தவர்களில் அது 13 மாதம். ஆனால் அவர்கள் ஈரல் ஓரளவு நன்றாக இருந்தவர்கள், அந்தக் கணக்கை எல்லோருக்கும் போடக்கூடாது.

நோவைக் குறைக்க முடியும். ஒரேயொரு தடவை கொடுக்கும் கதிர்ச் சிகிச்சையே பலருக்குச் சில கிழமைகளில் நோவைத் தணிக்கிறது. கிளிநொச்சியிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது பெரும்பாடுதான், ஆனாலும் போகத் தகுந்தது. மோர்பீன் கொடுத்தால் 'கடைசி மருந்து' என்று பயப்படவும் வேண்டாம், அது நோவுக்கான மருந்து. கடையில் வாங்கும் டைக்குளோபெனாக் போன்ற நோக் குளிசைகள்தான் சுருங்கிய ஈரலோடு சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரத்தக்கசிவையும் உண்டாக்கும்.

அப்புறம், கால் விறைக்கிறது, நடக்கப் பலமில்லை, சலம் போக முடியவில்லை என்றால் முள்ளந்தண்டு நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே, இரவானாலும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நடக்கும்போதே சிகிச்சை தொடங்கியவர்தான் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார்.