தீட்டு நின்ற பிறகு ஏறும் எடை

பாம்பன் பக்கத்திலிருந்து ஓர் அக்கா முட்டி வலிக்காக வந்திருந்தார். வயது 56. முப்பது வருடம் கடலில் முங்கிப் பாசி எடுத்தவர். விரல்களில் பாறை கீறிய தழும்புகள் இன்னும் இருக்கின்றன. முட்டி ஒத்துழைக்காததால் கடலை விட்டுவிட்டு இப்போது கரையில் உட்கார்ந்து கருவாடு காயவைக்கிறார். மருந்துச் சீட்டு எழுதும்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "மாருல ஒரு கட்டி இருக்கு டாக்டரம்மா. வலி இல்ல, அதான் விட்டுட்டேன்."

பரிசோதிக்கும்போது அவருடைய ரவிக்கையைக் கவனித்தேன். இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து விட்டிருந்தார், பழைய தையலின் தடம் அப்படியே தெரிந்தது. தீட்டு நின்று ஐந்து வருடம் என்றார். கடலை விட்டதும் ஏறக்குறைய அப்போதுதான். உடம்பு போட்டதும் அதே ஐந்து வருடத்தில்.

மதுரைக்கு அனுப்பினேன். மார்பகப் புற்றுநோய் என்று உறுதியானது. எடையால்தான் வந்தது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. ஒரு தனி ஆளுக்கு இதுதான் காரணம் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, ஒல்லியானவர்களுக்கும் வருகிறது. ஆனால் வயதையும் பரம்பரையையும் மாற்ற முடியாது, எடையை மாற்றலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் பெரும்பாலும் சினைப்பைகள் சுரக்கின்றன. நின்ற பிறகு அந்த வேலையைக் கொழுப்புத் திசு எடுத்துக்கொள்கிறது. அதிலுள்ள அரோமடேஸ் என்ற நொதி, உடம்பில் இருக்கும் வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு கூடக்கூட ஈஸ்ட்ரோஜனும் கூடுகிறது, அது மார்பகச் செல்களைப் பெருகத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு இன்சுலினையும் ஏற்றிவிடுகிறது, அதுவும் செல்களை வளரச் சொல்லும் ஹார்மோன்தான். பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் அளவு, 5 புள்ளி ஏறினால், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த நோய் வரும் ஆபத்து சுமார் 12 சதவீதம் கூடுகிறது. இளம் வயதில் கணக்கு வேறு. அப்போது எடைக்கும் இந்த நோய்க்கும் இதே தொடர்பு தெரிவதில்லை. ஆபத்து அதிகமாவது 45, 50க்கு மேல்தான்.

நம் கரையோரப் பெண்கள் கடலையும் ஓலை வேலையையும் விட்டு உட்காருகிற வயதும் அதுதான். வேலை குறைகிறது, தட்டில் சோறு குறைவதில்லை. நாலைந்து வேளை சீனி போட்ட டீ, கூடவே முறுக்கு. மீனைக் குறை சொல்ல மாட்டேன். குழம்பு மீன் நல்லது, எண்ணெயில் பொரிப்பதைக் குறைத்தால் போதும். "நல்லா உடம்பு வச்சிருக்கே" என்று ஊரே பாராட்டுவதுதான் எனக்குக் கவலை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 40 பேர் அதிக எடையோடு இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இனிமேல்தான் 50ஐத் தாண்டப் போகிறவர்கள்.

எடை மெஷின் இல்லையென்றால் தையற்கடை டேப் போதும். தொப்புளை ஒட்டிச் சுற்றிப் பாருங்கள். 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். மணலில் நடந்தால் முட்டி வலிக்கிறது என்றால் தார் ரோட்டில் சாயங்காலம் அரை மணி நேரம் நடக்கலாம். மொத்தமாகக் குறைக்க வேண்டாம், நாலைந்து கிலோ இறங்கினாலே உடம்புக்கு நல்லது.

அப்புறம் இன்னொன்று. மார்பு பெரிதாக இருந்தால் சின்னக் கட்டி கைக்கு எளிதில் அகப்படாது. அகப்பட்டாலும் "கொழுப்புக் கட்டி" என்று சொல்லிக்கொண்டு விட்டுவிடுகிறோம். மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அந்த அக்கா வலிக்கட்டும் என்று எட்டு மாதம் காத்திருந்தார். காம்பு உள்ளே இழுத்தாலும், தோல் ஆரஞ்சுப்பழத் தோல்போல் ஆனாலும், நீரோ ரத்தமோ கசிந்தாலும் அந்த வாரமே காட்டிவிடுங்கள். 30 வயது தாண்டியவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை இலவசம். கூச்சமாக இருந்தால் நர்ஸம்மாவிடம் முதலில் சொல்லுங்கள், கதவைச் சாத்திவிட்டுத்தான் பார்ப்பார்கள்.