பேன்ட் சைஸை நம்பாதீர்கள்: இளைஞர்களுக்கான சர்க்கரைப் பரிசோதனை

இருபதுகளில் இருப்பவர்களிடம் சர்க்கரைப் பரிசோதனை செய்யச் சொன்னால், "அப்பாவுக்குத்தானே டாக்டர் சுகர், எனக்கு எதுக்கு?" என்பார்கள். அப்பாவுக்கு இருப்பதால்தான் சொல்கிறோம். தேசிய அளவில் சர்க்கரை உள்ளிட்ட தொற்றா நோய்களுக்கான பரிசோதனை 30 வயதிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ளவர்கள் தாமாக வந்தால்தான் உண்டு. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர். அதற்கு முந்தைய நிலையில், அதாவது சர்க்கரை இயல்பைவிடக் கூடி, ஆனால் நோய் அளவை எட்டாமல் இருப்பவர்கள் 13.6 கோடி. இவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது.

ரத்தம் எடுக்கும் முன் ஒரு டேப் போதும். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2005-இல் வெளியிட்ட அபாய மதிப்பெண் முறையில் நாலே விஷயங்கள்தான்: வயது, வயிற்றுச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்பது. நூற்றுக்கு 60-ம் அதற்கு மேலும் வந்தால் அபாயம் அதிகம்.

இளைஞர்கள் ஏமாறும் இடமும் இதில் இருக்கிறது. 35-க்குக் கீழே என்றால் வயதுக்குப் பூஜ்யம். 28 வயது ஆண், நாள் முழுக்க நாற்காலி வேலை, உடற்பயிற்சி கிடையாது: 30. வயிறு 96 செ.மீ.: 10. அம்மாவுக்குச் சுகர்: 10. கூட்டினால் 50, 'நடுத்தர அபாயம்'தான். நிம்மதியாகக் கிளம்பிவிடுவார். இதே உடம்போடு 35-ஐத் தொட்டால் அன்றைக்கே 70. என்னைக் கேட்டால், 35-க்குக் கீழே 50 வந்தாலே ரத்தம் பார்த்துவிட வேண்டும்.

வயிற்றை அளப்பதிலும் ஒரு சிக்கல். "34 சார்" என்று பேன்ட் சைஸைச் சொல்வார்கள். பேன்ட்டோ தொப்பைக்குக் கீழே நிற்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சை விட்டபின், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. வந்தாலே மதிப்பெண் ஏறத் தொடங்கும்.

அப்படியே பின்கழுத்தையும் பாருங்கள். வெல்வெட் துணிபோலக் கறுத்துத் தடித்திருந்தால் அது அழுக்கல்ல. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். எலுமிச்சம்பழம் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. நீர்க்கட்டிப் பிரச்சினையோ (பிசிஓஎஸ்), கர்ப்ப காலச் சர்க்கரையோ இருந்த பெண்கள் மதிப்பெண்ணைப் பார்க்காமலே பரிசோதனைக்கு வரலாம்.

சரி, எந்தப் பரிசோதனை? வெறும் வயிற்றில் 100 முதல் 125 மி.கி. வரை இருந்தால் முந்தைய நிலை. ஆனால் வெறும் வயிற்றில் 92 காட்டிவிட்டு, குளுக்கோஸ் குடித்தபின் 160-க்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் இரண்டு மணி நேரப் பரிசோதனையே என் தேர்வு. குறைந்தது எட்டு மணி நேரம் பட்டினி, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடித்துவிட்டு, நடக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். 140 முதல் 199 வரை வந்தால் முந்தைய நிலை. நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து கொடுக்கும் ரத்தம் இதற்கு ஈடாகாது. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தாலும் இதே நிலைதான். பட்டினி தேவையில்லை என்பது வசதி. ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை அதைக் கூட்டிக் காட்டும். நம் ஊர்ப் பெண்களுக்கு ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்காமல் நான் முடிவு சொல்வதில்லை.

"பார்டர்தானே" என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. இரண்டு மணி நேர அளவு இப்படிக் கூடியிருந்த, 35 வயதைத் தாண்டியவர்களிடம் சென்னையில் நடந்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் மூன்று ஆண்டுகளில் சர்க்கரை நோயாளிகள் ஆனார்கள். சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39 சதவீதம். கூடவே மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்தும் அதைவிடக் குறையவில்லை. ஆகவே ரிப்போர்ட்டோடு நேராக மருந்துக்கடைக்குப் போகாமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள். முந்தைய நிலை என்றால் வருடா வருடம், எல்லாம் சரியாக இருந்தால் மூன்று வருடம் கழித்து, மறுபடி பார்த்தால் போதும்.